பதில்: அட்டையில் நெபுலா விருது என்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

நீங்கள் வாங்கிய ஜப்பானியப் புத்தகத்தின் அட்டையில் 'நெபுலா விருது' என்று போன் காட்டியது, நெபுலா வென்றவர்கள் பட்டியலில் பெயர் இல்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை நண்பரே, போன் மொழிபெயர்ப்புதான் குழப்பிவிட்டது. அது அமெரிக்காவின் அறிவியல் புனைவு விருதான நெபுலா இல்லை, ஜப்பானின் செய்யுன் விருது. ஜப்பானிய மொழியில் 'செய்யுன்' என்றாலும் நெபுலாதான், அதாவது விண்முகில். 1954-இல் ஒரே இதழோடு நின்றுபோன ஒரு அறிவியல் புனைவுப் பத்திரிகையின் பெயரைத்தான் இந்த விருதுக்கு வைத்தார்கள்.

புத்தகத்தைச் சுற்றியிருக்கும் அந்தக் காகிதப் பட்டையை மறுபடி பாருங்கள். முதல் எழுத்தின் தலையில் நடுக்கோடு போட்ட சின்னப் பெட்டி, அடுத்த எழுத்தின் தலையில் மழைத்துளி மாதிரி நாலு புள்ளி இருக்கிறதா? அப்படியானால் செய்யுன்தான். அமெரிக்க விருதை அவர்கள் 'நெப்யுரா' என்று ஒலிபெயர்த்து, வெளிநாட்டுச் சொற்களுக்குப் பயன்படும் கத்தகானா எழுத்தில் எழுதுவார்கள்.

நெபுலா பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நெபுலா, எழுத்தாளர் சங்கம் தருவது. செய்யுன், 1970 முதல் ஜப்பானின் வருடாந்திர அறிவியல் புனைவு மாநாட்டுக்கு வருகிறவர்கள், அதாவது வாசகர்கள், ஓட்டுப் போட்டுத் தருவது. நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் நிஹோன் எஸ்எஃப் தாய்ஷோ என்ற இன்னொரு ஜப்பானிய விருது வேறு, அதையும் இதோடு கலந்துவிடாதீர்கள்.

ரசிகர் ஓட்டு என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் குறும்பு இருக்கிறது. 'சுதந்திரப் பிரிவு' என்று ஒன்று வைத்து 2008-இல் ஹத்சுனே மிகு என்ற கணினிக் குரல் பாடகிக்கும், 2011-இல் ஹயபுசா விண்கலம் பூமிக்குத் திரும்பியதற்கும் கொடுத்தார்கள்!

உங்களுடையது மொழிபெயர்ப்பு நாவல் என்றால் அதற்கும் தனிப் பிரிவு உண்டு. ஜப்பானிய மொழியில் வந்த வருடத்தை வைத்துத் தேடுங்கள், மூலம் வந்த வருடத்தை வைத்து அல்ல.