மரத்து ஆர்க்கிடும் மாடித் தொட்டியும்

கேள்வி: ஏற்காட்டில் மரக்கிளை ஒன்றில் ஆர்க்கிட் பூத்திருப்பதைப் பார்த்தேன். அதற்கு யாரும் உரமிடுவதில்லை. எங்கள் மாடியில், கரித்துண்டும் தேங்காய் மட்டையும் நிரப்பிய தொட்டியில் வளரும் டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட்டுக்கு வாரந்தோறும் லிட்டருக்கு 5 கிராம் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) கரைத்து ஊற்றுகிறேன். பூக்கவில்லை, வேர் நுனிகளும் கருகுகின்றன. காட்டுச் செடி மரத்தின் சாற்றை உறிஞ்சியா வாழ்கிறது?

– வாசகி, சேலம்

பதில்: இல்லை. மரத்தின் சாற்றை உறிஞ்சுவது புல்லுருவி. ஆர்க்கிட் கிளையைப் பற்றிக்கொள்ள மட்டுமே செய்கிறது. இலைகளில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு கிளை வழியே வழியும் மழைநீர், கிளைக் கவட்டில் சேர்ந்து மக்கும் சருகு, வேருக்குள் வாழும் பூஞ்சை ஆகியவைதான் அதற்கு உணவளிக்கின்றன. மழையின் முதல் நீரில்தான் சத்து மிகுதி. அதை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ள, உயிரற்ற செல்களால் ஆன பஞ்சு போன்ற உறை வேரைச் சுற்றி இருக்கிறது. உங்கள் செடியிலேயே பாருங்கள்: வெள்ளி போல் வெளுத்திருக்கும் காய்ந்த வேரில் நீர் தெளித்தால், உறை நீரை உறிஞ்சி, உள்ளிருக்கும் பச்சை நிறம் உடனே தெரியும்.

அந்த நீரில் சத்து மிக மெல்லியதாகவே கலந்திருக்கிறது, பின்னால் வரும் மழையோ மீதியைக் கழுவிவிடுகிறது. நீங்கள் ஊற்றும் கரைசல் அதைவிடப் பன்மடங்கு செறிவானது; அதன் உப்பு மட்டையில் தங்கி, நீர் வற்ற வற்ற வேரைச் சுடுகிறது. கரித்துண்டுகளின் மேல் வெண்மையாகப் பொரிந்திருந்தால் அது உப்பேதான். ஆழ்துளைக் கிணற்று நீரானால் பாதிப்பு இன்னும் கூடும். மழைநீரைப் பிடித்து வைப்பது நல்லது.

முதலில் இரண்டு வாரம் உரத்தை நிறுத்தி, தொட்டியின் அடியிலிருந்து நீர் தாராளமாக ஓடும்வரை நல்ல நீரால் பலமுறை அலசுங்கள். பிறகு லிட்டருக்கு அரை கிராம் போதும். வேரை நல்ல நீரால் நனைத்த பின்பே உரநீரைத் தெளியுங்கள். மாதம் ஒருமுறை அலசுவதையும் விடாதீர்கள். புதுத் தண்டு வளரும்போது வாரம் ஒருமுறை கொடுத்து, அது முற்றியதும் குறைத்துவிடலாம். ரோஜாவுக்கு உகந்த கடலைப் புண்ணாக்குக் கரைசலை இதற்கு ஊற்ற வேண்டாம். மட்டைகளுக்கிடையே அழுகி, வேருக்கு வேண்டிய காற்றை அடைத்துவிடும்.

பூக்காததற்கு உரக்குறை காரணமன்று. தழைச்சத்து மிகுந்தால் டென்ட்ரோபியம் பூவுக்குப் பதிலாகத் தண்டிலேயே குட்டிச் செடிகளை விடும். வெளிச்சம் போதாவிட்டாலும் பூக்காது. காலை வெயில் படுமிடத்தில் வைத்து, உச்சி வெயிலுக்கு மட்டும் நிழல்வலை கட்டுங்கள். கருகிய நுனி மீண்டும் வளராது. ஆனால் அதே வேரின் பக்கவாட்டிலோ புதுத் தண்டின் அடியிலோ பளபளக்கும் பச்சை நுனி எட்டிப் பார்த்தால், செடி தேறிவிட்டது என்று நம்பலாம்.