வெளியுறவுக் கொள்கையால் இன்னொரு நாட்டின் மனித உரிமையைக் காக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு நாடு தன் வர்த்தகத்துக்கும் உதவிக்கும் நிபந்தனை வைத்து, மற்ற நாட்டைச் சனநாயகத்தின் பக்கம் நகர்த்துவதுதான் வழி. வெறும் நல்லெண்ணம் இல்லை. அடக்குமுறை முற்றினால் போரும் அகதிகளும் எல்லை தாண்டி வரும் என்ற சொந்தப் பாதுகாப்புக் கணக்கும் உண்டு.

திருகோணமலைக் கரையில் ஒரு மீன் முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். வெடி போடாமல் பிடித்த மீனுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டித் தருகிறார். வெடி போட்டால் அந்தக் கூடுதல் காசு கிடையாது. வளரும் நாடுகளின் பொருட்களுக்கு இறக்குமதி வரியைக் குறைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையும் இப்படித்தான். அதைப் பெறும் நாடு, மனித உரிமை, தொழிலாளர் உரிமை போன்றவை பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளின்படி நடக்க வேண்டும். மனித உரிமைக் குறைகளால் இலங்கை 2010இல் அதை இழந்தது, 2017இல் திரும்பப் பெற்றது. (சலுகை போனால் அந்தச் சுமை தையல் ஆலைப் பெண்கள் தலையிலும் விழுவது இந்த முறையின் பலவீனம், என்னைக் கேட்டால்.)

பலர் இதைப் பொருளாதாரத் தடை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, சலுகை போன காலத்திலும் நம் ஆடைகள் ஐரோப்பாவுக்குப் போயின, கூடுதல் வரியோடு.