மில் சங்கும் மனப்பூர்வமான கீழ்ப்படிதலும்

அன்புள்ள அண்ணன்,

ஸ்தோத்திரம். நான் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தேன். குடி அன்றோடு போனது. ஆனால் கோபமும் பொய்யும் போகவில்லை. போன மாதம் ஒரு விவசாயியின் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக்கான காசை வாங்கிக்கொண்டு அலுமினியக் கம்பி சுற்றிக் கொடுத்துவிட்டேன். அந்த வாரமே ஒரு கூட்டத்தில் ரோமர் 6:17-ஐ வாசித்து, "மனப்பூர்வமாகக் கீழ்ப்படிந்தவன் பாவம் செய்யவே மாட்டான், செய்தால் நீ எடுத்தது ஞானஸ்நானம் இல்லை, வெறும் முழுக்கு" என்று பேசினார்கள். நண்பன் ஒருவன் யூடியூபில் வேறொரு போதகரைக் காட்டினான். அவர் "இது கிருபையின் காலம், கீழ்ப்படிதல் என்று பேசுவதே நியாயப்பிரமாணம்" என்கிறார், அதாவது மோசேயின் பழைய சட்டத்துக்குத் திரும்புவதாம். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கீழ்ப்படிந்தது மனப்பூர்வமாக இல்லையா? வருகிற ஞாயிறு திருவிருந்து. எடுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். செம்புக் கம்பி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், அதை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம்.

முதலில் வசனம். "முன்னே நீங்கள் பாவத்திற்கு அடிமைகளாயிருந்தும், இப்பொழுது உங்களுக்கு ஒப்புவிக்கப்பட்ட உபதேச சட்டத்திற்கு நீங்கள் மனப்பூர்வமாய்க் கீழ்ப்படிந்ததினாலே தேவனுக்கு ஸ்தோத்திரம்." பவுல் இதை ஏறக்குறைய கி.பி. 57-ல், கொரிந்துவில் இருந்தபடி, தான் அதுவரை கால் வைத்திராத ரோமாபுரியின் விசுவாசிகளுக்கு எழுதுகிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் தெர்தியு. கடைசி அதிகாரத்தில் தன் பெயரைத் தானே சொல்லி வாழ்த்து அனுப்புகிறார். லத்தீனில் அந்தப் பெயருக்கு மூன்றாமவன் என்று பொருள், அடுத்த வசனத்தில் வரும் குவர்த்து நாலாமவன். அந்நாளில் அடிமைகளுக்கு இப்படி எண்ணையே பெயராக வைப்பதுண்டு. இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது உட்கார்ந்து கேட்டவர்களில் அடிமைகளும் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு "அடிமை" என்பது நமக்கு இருப்பதுபோல ஒரு பிரசங்க வார்த்தை கிடையாது, காலையில் எழுந்ததும் யார் குரலுக்கு ஓட வேண்டும் என்கிற அன்றாட விஷயம். பவுலுக்கே இந்த உவமையில் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கிறது. இரண்டு வசனம் தள்ளி, உங்கள் பலவீனத்தினிமித்தம் மனுஷர் பேசுகிறபடி பேசுகிறேன் என்கிறார்.

கீழ்ப்படிதல் என்று நாம் வாசிக்கிற கிரேக்கச் சொல்லுக்குள் "கேட்பது" என்ற வினைதான் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். "பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா?" என்று நம் அம்மாக்கள் கேட்டால் அது காது டாக்டரிடம் கேட்கிற கேள்வி இல்லையே!

அப்புறம் அந்த "மனப்பூர்வமாய்". உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த வார்த்தைதான். மனப்பூர்வம் என்றதும் கண்ணீர், சிலிர்ப்பு, கூட்டத்தில் கையை உயர்த்தி நிற்கிற நேரம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த வார்த்தையை இன்றைக்கும் பிசகாமல் எழுதுகிறவர்கள் பத்திரம் எழுதுகிறவர்கள். யாருடைய தூண்டுதலும் கட்டாயமும் இல்லாமல் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுக்கிறேன் என்று எழுதுவார்களே, அது. எழுதிக்கொடுத்தவன் அன்றைக்கு அழுதானா சிரித்தானா என்று பதிவு அலுவலகத்தில் யாரும் பார்ப்பதில்லை. வேதம் இருதயம் என்கிறபோதும் உணர்ச்சியை மட்டும் சொல்லவில்லை, யோசனையும் தீர்மானமும் பிறக்கிற இடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் உங்களை யாராவது கட்டாயப்படுத்தித் தண்ணீருக்குள் இறக்கினார்களா? இல்லையே.

இன்னொன்று. "உபதேச சட்டம்" என்பதை வாசித்ததும் சட்டதிட்டம் என்று எடுத்துக்கொள்கிறோம். மூலத்தில் அது அச்சு, வார்ப்பு என்ற பொருளுள்ள சொல். படத்துக்குப் போடுகிறோமே சட்டம், அந்தப் பொருளில் வாசித்தால் கிட்டத்தட்டச் சரியாக வரும். தவிர, நம் மொழிபெயர்ப்பில் உபதேசம் நமக்கு ஒப்புவிக்கப்பட்டது என்று இருக்கிறது, கிரேக்கத்திலோ நாம்தான் அந்த அச்சுக்கு ஒப்புவிக்கப்பட்டோம் என்று இருக்கிறது. ஒரு எஜமானிடமிருந்து இன்னொரு எஜமானிடம் ஆளை ஒப்படைப்பதுபோல. ஆள் கை மாறிவிட்டான். பாவத்தினின்று விடுதலை என்று பவுல் சொல்வது இந்தக் கைமாற்றத்தைத்தான்.

அப்படியானால் பாவம் ஏன் இன்னும் கூப்பிடுகிறது? இதற்கு என் அப்பாவைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். அதிகாலை ஷிப்டுக்குச் சங்கு ஊதும், தெருவே எழுந்துவிடும். ஓய்வு பெற்று, கணக்கெல்லாம் தீர்ந்து, பணமும் கைக்கு வந்த பிறகு ஒரு நாள் சங்குச் சத்தத்தில் நான் விழித்துப் பார்த்தால், மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு, காலித் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசல்படியில் ஒரு காலை வைத்துவிட்டார். அம்மா உள்ளே இருந்து, "எங்க போறீங்க?" என்றாள். அப்பா அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்குச்சட்டியை அதன் ஆணியில் மாட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். இது ஒரு நாளோடு முடியவில்லை, ஏழெட்டு மாதம் நடந்தது. சங்கு ஊதுவதை அவரால் நிறுத்த முடியாது. ஆனால் போகாவிட்டால் அவரை ஏன் வரவில்லை என்று கேட்க அந்த மில்லுக்கு ஓர் அதிகாரமும் இல்லை.

அந்த ஆறாம் அதிகாரத்தையே மறுபடி பாருங்கள். 2-ஆம் வசனத்தில் பாவத்துக்கு மரித்தோம் என்கிறார், 12-இல் பாவம் உங்கள் சரீரத்தில் ஆளாதிருப்பதாக என்கிறார், 13-இல் உங்கள் அவயவங்களை அதற்கு ஒப்புக்கொடாதிருங்கள் என்கிறார். கைமாற்றம் நடந்த அன்றே எல்லாம் தானாக நின்றுவிடும் என்றால் இவ்வளவு சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. யோவானும், நமக்குப் பாவமில்லை என்போமானால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்று விசுவாசிகளுக்குத்தான் எழுதுகிறார். கூட்டத்தில் பேசியவர் 17-ஆம் வசனத்தைச் சரியாக வாசித்துவிட்டு 12-ஐ மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பிலும் இது இருக்கிறது. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கிறார்கள், இவருடைய இருதயத்தில் ஒரு விசித்திரமான சூடு பரவுகிறது. இது மட்டும்தான் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அதே நாட்குறிப்பில் கொஞ்சம் கீழே, அன்றைக்கு வீடு திரும்பியதும் சோதனைகள் தன்னைப் போட்டு அடித்ததையும், கூப்பிட்டு ஜெபித்ததும் அவை ஓடியதையும், திரும்பத் திரும்ப வந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை வாசிக்க ஏனோ யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

யூடியூப் போதகர் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்ற கேள்வியைப் பவுல் 1-ஆம் வசனத்திலேயே எழுப்பி, "கூடாதே" என்று முடித்துவிட்டார். ஆனாலும் அவர் எதைக் கண்டு பயப்படுகிறார் என்று புரிகிறது. லூக்கா 15-இல், கெட்ட குமாரன் கதையில் வரும் மூத்த மகன் ஒரு நாளும் அப்பாவின் கற்பனையை மீறவில்லை, ஆனால் எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட கீழ்ப்படிதலை வெறுப்பது நியாயம்தான். அதற்காகக் கீழ்ப்படிதல் என்ற வார்த்தையையே தூக்கிப் போட்டால் ரோமர் நிருபத்தில் பாதி போய்விடும்.

இனி உங்கள் செம்புக் கம்பி.

உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்பது எனக்கு நல்ல செய்தியாகவே படுகிறது. பழைய எஜமானிடம் இருந்தபோது இப்படி ஒரு காயிலுக்காக எத்தனை ராத்திரி விழித்திருப்பீர்கள்? ஆனால் விழித்துக்கொண்டு படுத்திருப்பது கீழ்ப்படிதல் ஆகாது. மின்னழுத்தம் இறங்குகிற கோடையில் அந்த அலுமினியம் எத்தனை நாள் தாங்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும், எரிந்தால் வாடப்போவது அவர் பயிர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதாதா என்று யோசிப்பீர்கள். போதாது. மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவந்து, செம்பு சுற்றி, நீங்களே எடுத்துப்போய் மாட்டிக்கொடுங்கள். எதற்கு என்று கேட்பார், சொல்லிவிடுங்கள். கெட்ட வார்த்தையில் திட்டலாம், ஊரெல்லாம் சொல்லலாம், கடைக்கு நாலு பேர் குறையலாம். அந்தக் கோபக்காரத் தம்பி அப்போது வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும், அதுதான் கஷ்டமாக இருக்கும்.

திருவிருந்து எடுக்கலாமா என்றீர்கள். பலிபீடத்தண்டையில் வந்து நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்று ஆண்டவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. ஒரு மோட்டாருக்குக் காயில் கட்ட அவ்வளவு நாள் ஆகாது.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
அண்ணன்