கடைசி வரியில் வந்த மாத்திரை

கேள்வி: அக்குபங்சர் படித்து முடித்து, தனியாகச் சிகிச்சை அளிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. 42 வயதுப் பெண் ஒருவர் எட்டு மாதத் தலைவலியோடு என்னிடம் வருகிறார். வலது நெற்றிப்பொட்டில் ஆரம்பித்துப் பின்கழுத்து வரை இழுக்கும் என்கிறார். நெற்றிப்பொட்டில் இருக்கும் டாயாங், பிறகு உடலில் ஓடும் பாதைகளின் பெயரும் எண்ணும் கொண்ட பித்தப்பை 20, பெருங்குடல் 4, கல்லீரல் 3, பித்தப்பை 41 ஆகிய புள்ளிகளில் ஊசி போடுகிறேன். எழுந்து போகும்போது முகம் தெளிந்திருக்கும். மூன்றாம் நாள் வலி திரும்பிவிடும். ஆறு அமர்வு முடிந்துவிட்டது. புள்ளியை மாற்றுவதா, ஊசியை இன்னும் ஆழமாக இறக்குவதா? “மேலே தெரிவதைப் பார்க்காதே, உள்ளே பார்” என்பார் என் ஆசிரியர். உள்ளே என்றால் எங்கே என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நடுவில் வலி தாங்காதபோது அந்தப் பெண் மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொள்கிறார்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. முதல் முறை என் கண் புள்ளிகளுக்குத்தான் போனது. தொழில் புத்தி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பக்கவாட்டுத் தலைவலி என்றால் பித்தப்பைப் பாதை, அதன் இணையான கல்லீரல் பாதை, தூரப் புள்ளியாகக் காலில் ஒன்று. நானும் ஏறக்குறைய இதையேதான் போட்டிருப்பேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் கடைசி வரியில் நின்றேன். மாத்திரை போட்டுச் சமாளிக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என்ன மாத்திரை? மாதத்தில் எத்தனை நாள்? ஐந்து புள்ளிகளைப் பெயரும் எண்ணுமாக எழுதிய கடிதத்தில் இந்த இரண்டும் இல்லை.

ஏன் இதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன். வலிக்காகப் போடும் மாத்திரையே தலைவலியை விடாமல் பிடித்துவைப்பது உண்டு. ஏற்கெனவே தலைவலி உள்ள ஒருவர், பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற சாதாரண வலி மாத்திரைகளை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டு வந்தால் இது வரலாம். ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான், ஓபியம் சார்ந்த கோடீன் வகை, இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே போதும். மாதத்தில் பாதி நாளுக்குக் குறையாமல் தலை வலிக்கும். வலிக்கிறது என்று போடுவார், போட்டதால் வலிக்கும், மறுபடி போடுவார். இந்தச் சுற்றுக்குள் இருப்பவருக்கு ஊசி போடுவது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலை. அமர்வு முடிந்தவுடன் படகு காலியாகத் தெரியும். மூன்றாம் நாள் நிறைந்துவிடும்.

அந்தப் பெண்ணுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தபாலில் நாடி பார்க்க முடியாது. ஆனால் எண்ணிப் பார்க்காமல் ஏழாவது ஊசி போட வேண்டாம். எண்ணிக்கை கூடுதலாக இருந்தால் ‘மாத்திரையை விட்டுவிடுங்கள்’ என்று நீங்களாகச் சொல்லவும் வேண்டாம். நிறுத்தும்போது முதல் சில நாள், சிலருக்குச் சில வாரம்கூட, வலி இன்னும் கூடும். கோடீன் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அதை மருத்துவர் ஒருவர் பார்த்துத் திட்டமிட வேண்டும். அந்த மோசமான வாரங்களில் அவருக்குத் துணையாக நிற்பதுதான் உங்கள் வேலை.

சரி, உங்கள் ஆசிரியர் சொன்ன ‘உள்ளே’ எங்கே இருக்கிறது?

சீன மருத்துவத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: பென், பியாவ். பென் என்றால் வேர். அதை எழுதும் விதமே அழகு: மரத்தைக் குறிக்கும் எழுத்தின் அடியில் ஒரு சிறு கோடு. பியாவ் என்றால் மரத்தின் நுனி. அவசரமானால் நுனிக்கு வைத்தியம் செய், அவகாசம் இருந்தால் வேருக்குச் செய் என்பது பழைய வழக்கு. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நுனிக்கு வைத்தியம் செய்வது கேவலம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. துடித்துக்கொண்டு வந்தவருக்கு முதலில் வலியைக் குறைத்தீர்களே, அது சரிதான். ஆறு அமர்வும் அவசர சிகிச்சையாகவே போய்விட்டதுதான் பிரச்சினை.

வேர் என்பதும் ஏதோ ரகசிய இடத்தில் ஒளிந்திருப்பதில்லை. பெரும்பாலும் நாம் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பின்னால்தான் இருக்கும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஜாங் ஜியேபின் என்ற சீன மருத்துவர், நோயாளியிடம் கேட்க வேண்டியவற்றைப் பத்துக் கேள்விகளாக வகுத்தார். முதல் கேள்வி குளிர், சூடு பற்றியது. அடுத்தது வியர்வை. தலை, உடல் வலி மூன்றாவதாகத்தான் வருகிறது. பிறகு மலம், சிறுநீர், பிறகு சாப்பாடு என்று போகும். வந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் வரிசை இதுதான். நோயாளி எதைச் சொல்கிறாரோ அது அவருடைய புகார். அதை அப்படியே நோயின் பெயராக எழுதிக்கொள்வது நம் சோம்பல்.

ஒரே நெற்றிப்பொட்டு வலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தெறிக்கிறது, கோபம் வந்தால் ஏறுகிறது, நாக்கின் ஓரம் சிவந்திருக்கிறது, நாடி முறுக்கிய தந்திபோல் விரலில் தட்டுகிறது. நம் பாடத்தில் அது கல்லீரல் யாங், அதாவது அதன் சூடான, எழும்பும் சக்தி, மேலேறுவது. இன்னொருவருக்கு மந்தமான வலி, மாலையில், களைத்தபோது, மாதவிலக்கு முடிகிற நாட்களில் கூடும். நாக்கு வெளுத்திருக்கும், நாடி நூல்போல் ஓடும். அது நம் பாஷையில் ரத்தக் குறைவு. மூன்றாமவர் வலி என்றே சொல்ல மாட்டார், “தலையில் ஈரத் துணியைக் கட்டியதுபோல் கனமாக இருக்கிறது” என்பார். நாக்கில் பிசுபிசுப்பான படிவு இருக்கும். மூவரும் காட்டுவது ஒரே இடத்தைத்தான், ஆனால் மூவருக்கும் ஒரே ஐந்து ஊசி போட முடியாது. உங்களவர் இதில் யார் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அவர் எப்போது தூங்குகிறார் என்பது இல்லை, மாதவிலக்கு பற்றி ஒரு சொல் இல்லை. 42 வயதில் அதைக் கேட்காமல் விடலாமா? கருத்தரித்திருக்க வாய்ப்பு உண்டா என்பதையும் கேட்டிருக்க வேண்டும். பெருங்குடல் 4 கர்ப்ப காலத்தில் நாம் தவிர்க்கும் புள்ளி.

கேட்டு முடித்ததும் கையை வையுங்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் புள்ளி தேடுவதற்கு மட்டும் தொடுகிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு வந்துவிட்டது. அவரை உட்கார வைத்து, இரண்டு கன்னங்களிலும் தாடை எலும்பின் மூலைக்குச் சற்று மேலே விரல்களை வைத்து, பல்லைக் கடிக்கச் சொல்லுங்கள். தசை எழும்பும். இப்போது கடிப்பதை விடச் சொல்லுங்கள். தளர வேண்டும். தளர்ந்த பிறகும் வலது பக்கம் மட்டும் கட்டிபோல் நிற்கிறதா? அப்படியே விரலை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி மறுபடி கடிக்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஒரு தசை புடைக்கும். நீங்கள் டாயாங் போடும் இடத்தை ஒட்டி விரிந்திருக்கும் தசை அது. இரவெல்லாம் பல்லைக் கடிக்கிறவருக்கு விடிந்ததும் நெற்றிப்பொட்டு வலிப்பதில் ஆச்சரியம் இல்லை. வாயை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். தாடை ஒரு பக்கம் கோணுகிறதா, ‘டக்’ என்கிறதா? அப்புறம் கழுத்து. தோள்மேல் தசையைக் கட்டைவிரலால் மெல்லப் பிடித்து அழுத்தும்போது “அதே வலிதான், நெற்றிப்பொட்டுக்குப் போகிறது” என்று அவர் சொன்னால், ஆறு அமர்வில் கிடைக்காத விஷயம் அரை நிமிடத்தில் கிடைத்துவிட்டது. (அந்தத் தசையில் ஆழமாகக் குத்திவிடாதீர்கள். அங்கே இருக்கும் பித்தப்பை 21 என்ற புள்ளிக்குக் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ‘ஊசியை இன்னும் ஆழமாக’ என்ற உங்கள் கேள்விக்கும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.)

நாக்கும் நாடியும் ஏமாற்றும். காபி குடித்துவிட்டு வந்தவரின் நாக்குப் படிவு பழுப்பாக இருக்கும். காலையில் நாக்கை வழித்துவிட்டு வந்தவருக்குப் படிவே இருக்காது. படியேறி வந்ததும் பிடித்த நாடி எல்லோருக்கும் வேகம்தான். ரத்த அழுத்தத்துக்கோ, ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவோ பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவரின் நாடி மெதுவாக ஓடும். அதை உடலில் குளிர் ஏறியதன் அடையாளம் என்று எழுதிக்கொண்டால் நாம் மாத்திரைக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

என் கதை ஒன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் என்னவோ முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். பல வருடம் முன்பு, ஐம்பதை நெருங்கிய ஒருவர் தோள் வலியோடு வந்தார். கை காதுவரைகூட ஏறாது. உறைதோள். வயிறு 38இல் ஊசி போட்டுக் கையை அசைக்கச் சொன்னேன். கொஞ்சம் ஏறியது. எனக்குப் பெருமை. அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. ஊசிகளைப் போட்டுப் படுக்க வைத்தால் இருபது நிமிடம் தாங்க மாட்டார். “சார், கழிவறைக்குப் போகணும்” என்பார். எல்லாவற்றையும் எடுத்து, மறுபடி போட வேண்டும். வரும்போதே தண்ணீர் பாட்டிலோடு வருவார், போவதற்குள் அது காலியாகிவிடும். ஒரு நாள், “வருவதற்கு முன்பே போய்விட்டு வந்து படுக்கக் கூடாதா?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். எட்டு அமர்வுக்குப் பிறகும் தோள் பழைய நிலைதான். வேறு எதற்கோ ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை எகிறியிருந்தது தெரிந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உறைதோள் அதிகம் வரும் என்பது எனக்குப் படித்த நாளிலிருந்தே தெரியும். தாகமும் சிறுநீரும் என் கண்முன்னே எட்டு முறை வந்து போயிருக்கின்றன. அதைச் சிகிச்சைக்கு இடைஞ்சல் என்று எடுத்துக்கொண்டேன், சேதி என்று எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. இரண்டு வருட அனுபவத்தில் அதுதான் அதிகம் இழுக்கும் என்பதால் எச்சரிக்கிறேன். ஆழமாகப் பார்க்கிறேன் பேர்வழி என்று எல்லா வலிக்கும் பின்னால் ஒரு அடக்கிய கோபத்தையோ பழைய துக்கத்தையோ கண்டுபிடித்துவிடுவது. கேட்காமலே ஊகித்த காரணம் ஆழமானதல்ல, வெறும் கற்பனை. நாம் கல்லீரல் என்று சொல்வது ஒரு செயல்பாட்டுத் தொகுதியை. கேட்பவர் காதில் அது விலா எலும்புக்குக் கீழே இருக்கும் உறுப்பாகத்தான் விழும். “உங்களுக்குக் கல்லீரல் சரியில்லை” என்று நாம் சொல்லிவிட்டுப் போக, அவர் இரவெல்லாம் விழித்திருந்து மறுநாள் ஸ்கேன் எடுக்க ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாஷை நம் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

சில தலைவலிகளில் வேரைத் தேடுவது நம் வேலையே இல்லை. நொடியில் உச்சத்துக்கு ஏறிய, வாழ்நாளில் காணாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வு என்றால் ஊசிப் பெட்டியைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன், அது டாயாங் இருக்கும் அதே இடத்தில் வருவது. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் வலி, தலை சீவினால் மண்டைத்தோல் நோகிறது, மெல்லும்போது தாடை வலித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, பார்வை மங்குகிறது என்றால் அது அங்கே ஓடும் தமனியின் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடும். அன்றே அனுப்ப வேண்டும். உங்களவருக்கு 42தான். இருந்தாலும் அடுத்து வருகிறவருக்கு 62 இருக்கலாம்.

அவசரம் எதுவும் இல்லை என்றால் நிதானமாகப் போகலாம். மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012இல் வெளியிட்ட தலைவலி வழிகாட்டியில், நாள்பட்ட இறுக்க வகைத் தலைவலிக்கு அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று சொன்னபோது, 5 முதல் 8 வாரங்களில் 10 அமர்வு வரை என்று வைத்தது. ஆறில் முடியவில்லை என்று நீங்கள் தோற்றுவிடவில்லை. அதே வழிகாட்டி தலைவலிக் குறிப்பேடு ஒன்றைக் குறைந்தது 8 வாரம் எழுதச் சொல்கிறது. ஒரு சாதாரண நோட்டு போதும்: தேதி, வலி தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, மாத்திரையின் பெயர், எத்தனை, முந்தின இரவுத் தூக்கம், மாதவிலக்கு நாள். நீங்கள் எழுத வேண்டாம், அவரையே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த முறை வரும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். “எப்போதாவது போடுவேன்” என்பவரின் பையில் நான்கு காலி அட்டைகள் இருப்பது உண்டு. அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல் எண்ணாதீர்கள். இருவருமாக மேசைமேல் பரப்பி எண்ணுங்கள். என்ன எண்ணிக்கை வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.