தோல் பளிச்சென்று இருக்கிறது, உள்ளே ஏன் கறுப்பு?

மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "உருளைக்கிழங்கை மூட்டையாக வாங்குகிறேன். வெளியே ஒரு குறையும் தெரிவதில்லை. சீவினால் கருநீலத் திட்டுகள். அழுகலா? சமைக்கலாமா? வியாபாரியிடம் என்ன சொல்வது?"

திட்டு தோலை ஒட்டியே, கெட்டியாக, வாடையில்லாமல் இருந்தால் அது அடிபட்டுக் கன்றிய இடம். அந்த இடத்தை மட்டும் செதுக்கிவிட்டுத் தாராளமாகச் சமைக்கலாம்.

கிழங்கு கீழே விழும்போதோ மூட்டையைத் தூக்கிப் போடும்போதோ தோல் கிழியாமலே அடியில் உள்ள செல்கள் நசுங்கும். அவற்றிலிருக்கும் டைரோசின் என்ற பொருளும் ஒரு நொதியும் காற்றோடு கலந்து, கடைசியில் மெலனின் என்ற கறுப்பு நிறமியாகும். நம் தலைமுடிக்குக் கறுப்பு தருவதும் மெலனின்தான். இது உடனே நடக்காது. நிறம் முழுதாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதனால்தான் வாங்கும்போது வெட்டிப் பார்த்தாலும் தப்பிவிடுகிறது.

உங்களுக்குத் துப்பு கொடுப்பதும் இந்தத் தாமதம்தான். மூட்டை வந்து இறங்கியவுடன் பத்துக் கிழங்கை வெட்டிப் பாருங்கள். அப்போதே கறுப்பு இருந்தால் அடி முன்பே பட்டிருக்கிறது, வியாபாரியிடம் தயங்காமல் கேளுங்கள். அன்று சுத்தமாக இருந்து மூன்றாம் நாள் கறுத்தால், கடைசியாக ஏற்றி இறக்கியபோது, ஒருவேளை உங்கள் வாசலிலேயே, அடிபட்டிருக்கும். மூட்டையை அரையடிக்கு மேலிருந்து போட விடாதீர்கள்.

குளிர்ந்த கிழங்கு இன்னும் எளிதாகக் கன்றும். குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் கிடந்ததை எடுத்த கையோடு லாரியில் ஏற்றினால் சேதம் அதிகம். 10 டிகிரிக்கு மேல் வந்தபின் கையாள்வதுதான் முறை. தண்ணீர் வற்றித் தளர்ந்த கிழங்கும், பொட்டாஷ் போதாத நிலத்தில் விளைந்த கிழங்கும் இதே மாதிரிதான்.

கறுப்பு நட்டநடுவில் மட்டும் இருந்தால் கதை வேறு. அது மூச்சுத் திணறல். வெயிலில் தார்ப்பாய் போட்டு மூடிய லாரியிலோ காற்றோட்டமில்லாத அறையிலோ கிடந்தால் கிழங்கின் நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் எட்டாமல் திசு செத்துக் கறுத்துவிடும். மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி நெருக்கி அடுக்காதீர்கள். நடுவில் வெறும் பொந்து இருந்தால், வறட்சிக்குப் பின் தண்ணீர் கிடைத்து வேகமாகப் பருத்ததன் அடையாளம்; தீங்கில்லை.

வெள்ளையாக இருந்தது வேகவைத்து ஆறியபின் சாம்பல் நிறமானால், கிழங்கிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்ததால் வருவது. வேகும் கடைசி நேரத்தில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் குறையும். முதலிலேயே விட்டால் கிழங்கு வேகாமல் இழுக்கும்.

ஒதுக்க வேண்டியவை இரண்டு. தோல் பச்சையாகி உள்ளேயும் பச்சை இறங்கியிருந்தால் வேண்டாம், அதோடு கூடவே ஏறும் சோலனின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. இன்னொன்று, தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் ஓடி, அழுத்தினால் பால் போலக் கசிவது. அது பாக்டீரியா வாடல் நோய். நீலகிரி போன்ற மலை நிலங்களிலும் உண்டு. அந்தக் கிழங்கையும் அதன் தோலையும் தோட்டத்து எருக்குழியில் கொட்டாதீர்கள். தக்காளி, கத்தரிச் செடிகளையும் அதே கிருமி வாட்டும்.