ஜெர்மன் வரலாற்றில் நவம்பர் 9 ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? தற்செயலா?

பாதிதான் தற்செயல். 1918-இல் அதே நாளில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஆட்சி முடிந்து பெர்லினில் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1923-இல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முறிந்தது. தேதி தற்செயல் இல்லை என்பது 1938-இல்தான் தெளிவாகத் தெரியும். அந்தத் தோல்வியை ஆண்டுதோறும் நினைவுகூர நாஜித் தலைவர்கள் மியூனிக்கில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில்தான் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் யூதர்களுக்கு எதிராகத் தூண்டிவிட்டுப் பேசினார். அன்றிரவே நாடெங்கும் யூத ஆலயங்கள் எரிந்தன. சுமார் 30,000 யூத ஆண்கள் கைதானார்கள்.

1989-இல் பெர்லின் சுவர் திறந்தது சுத்தமான தற்செயல். கிழக்கு ஜெர்மானியர்கள் வெளிநாடு செல்ல அனுமதிக்கும் புதிய பயண விதி மறுநாள்தான் அமலாக வேண்டியது; அது "உடனடியாக" அமலாகிறது என்று கிழக்கு ஜெர்மன் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். மக்கள் எல்லையில் திரண்டார்கள். அப்புறம், ஜெர்மனியின் ஒற்றுமை நாளாக நவம்பர் 9-க்குப் பதில் அக்டோபர் 3 தேர்வானதற்கு 1938-இன் நினைவும் ஒரு காரணம். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.