பாட்டியின் முகம் கலங்காமல் வர

கேள்வி: பழைய புகைப்படத்தைப் பார்த்துப் பாட்டியை வாட்டர்கலரில் வரைகிறேன். காகிதம் நெளிகிறது, நிறமும் சேறாகிவிடுகிறது. ஏன்?

பதில்: நனைந்த இடத்தில் மட்டும் காகித இழைகள் உப்புவதால்தான் நெளிவு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடித்த பருத்திக் காகிதம் நல்லது. மெல்லிய தாளென்றால் 5 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, பலகையில் விரித்து, தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்பை நான்கு ஓரமும் ஒட்டி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். டேப்பைப் பிரிக்காமலே வரையுங்கள்.

சேறாவது அவசரத்தால். அரைகுறையாய்க் காய்ந்த பூச்சில் தூரிகை பட்டால் கீழ்நிறம் கிளம்பி வந்துவிடும். புறங்கையால் லேசாகத் தொடுங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்.

சுருக்கங்களைக் கோடாக இழுக்காதீர்கள், பாட்டி கடுகடுவென்று தெரிவார். சுருக்கத்தை நிழலாகப் பூசி, அதன் ஒரு விளிம்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மறு விளிம்பை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டவே வேண்டாம். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் அல்ட்ராமரின் என்ற அடர்நீலம் துளி போதும்.